கதை கோப்பது களவாகுமா?

சென்ற மாதம் எம்மூர் இலக்கிய மன்றக் கூட்டத்தில் நிகழ்ந்த ஒன்றை வாசகப் பெருமக்கள் முன் வைக்கக் கடமைப்பட்டுள்ளோம். நிகழ்ச்சி சிறியதுதான். ஆனால் அதற்குப் பின்னே நின்ற எண்ணம் நம் வீடுகள் பலவற்றிலும் வேரூன்றியிருக்கிறது. அவ்வெண்ணத்தோடு வழக்காடவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கல்லூரியில் பயிலும் 19 வயதுப் பெண் ஒருத்தி, சிறு வயதில் நம்மிடம் ஓதியவள், தான் எழுதவிருக்கும் நெடுங்கதை ஒன்றின் திட்டத்தை நான்கு தாள்களில் எழுதிவந்து அன்று வாசித்தாள். ஐரோப்பியர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிவரும் பழங்கதைகள் பலவற்றை ஒரே கதையாகக் கோப்பது அவள் நோக்கம். சிண்ட்ரெல்லாவை அடுப்புச் சாம்பலில் கிடத்திய மாற்றாந்தாய், ஸ்நோ ஒயிட்டுக்கு நச்சு ஆப்பிள் கொடுத்த மாற்றாந்தாய், ஹான்சல், கிரெட்டல் என்னும் அண்ணன் தங்கையைக் காட்டில் விட்டுவரச் செய்த மாற்றாந்தாய், இம்மூவரும் உண்மையில் ஒருத்தியே என்பது அவள் கற்பனை. மூன்று வீட்டுப் பிள்ளைகளும் ஒரு காட்டில் சந்திக்கிறார்கள். தத்தம் துயரத்தைச் சொல்கிறார்கள். அடையாளங்களை ஒப்பிட்டு, தங்களை வாட்டியவள் ஒருத்தியே எனக் கண்டு, அவளைத் தேடிப் புறப்படுகிறார்கள். இடையே தூங்கும் அழகியும், சிவப்புத் தொப்பிச் சிறுமியும், கோபுரத்தில் அடைபட்ட ராபுன்சலும், பூட்சு அணிந்த பூனையும் வந்து சேர்கின்றனர்.

வாசித்து முடித்ததும் அவையில் மூவர் எழுந்தனர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், “இவை ஊரறிந்த கதைகள். இரவல் நகையைப் பூட்டிக்கொண்டு சபைக்கு வரலாமா? சொந்தச் சரக்கு இல்லாதவர் செய்யும் வேலை இது” என்றார். வணிகர் ஒருவர், “நம் பிள்ளைக்கு வெள்ளைக்காரன் காடு எதற்கு? நம்மிடம் கதைகளே இல்லையா?” என்றார். மூத்த ஆலிம் ஒருவர், “நடவாததை நடந்ததாகச் சொல்வது பொய். பொய்யில் ஆயுளைக் கழிப்பதா?” என்றார். அப்பெண் தாள்களை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பின்வரிசையில் போய் அமர்ந்தாள். நாமோ முன்வரிசையில் அமர்ந்திருந்தோம். வாய் திறந்தோம் இல்லை. அக்குற்றத்தைக் குறித்துப் பின்னர்ச் சொல்வோம். முதலில் அம்மூவருக்கும் அன்று சொல்லாத விடையை இன்று சொல்லிவிடுகிறோம்.

இரவல் என்பார்க்கு

சிண்ட்ரெல்லாவின் கதைக்கு உடையவர் யார்? ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தம் கதைத் தொகுப்பின் முதற்பாகத்தை வெளியிட்டது 1812இல். அதற்கு முன்பே, 1697இல், பாரிஸ் நகரத்துச் சார்ல்ஸ் பெரோ தம் எட்டுக் கதைகளுள் ஒன்றாக அதை அச்சேற்றிவிட்டார். அவருக்கும் முன்பே நேப்பிள்ஸ் நாட்டு ஜம்பாத்திஸ்தா பஸீலே எழுதிவைக்க, அவர் இறந்த பின் 1634 முதல் 1636 வரை வெளிவந்த நூலில் அக்கதை இருக்கிறது. பஸீலேயின் பெண்ணோ அடுப்படியில் அழுதுகொண்டிருப்பவள் அல்லள். முதல் மாற்றாந்தாயைப் பெட்டியின் மூடியால் கொன்றுவிடுகிறாள். இன்னும் பின்னே சென்றால், 9ஆம் நூற்றாண்டுச் சீனத்தில் துவான் செங்ஷி என்பார் எழுதிவைத்த கதையில், மாற்றாந்தாயிடம் துன்புற்ற பெண்ணொருத்தி தன் பொற்காலணி ஒன்றைத் தவறவிட, அக்காலணியே அவளை அரசனிடம் கொண்டு சேர்க்கிறது.

கண்ணாடிக் காலணியும் வரம் தரும் தேவதையும் பெரோவின் கதையில் வருபவை. கிரிம் சகோதரரின் கதையில் தேவதை இல்லை. இறந்த தாயின் அடக்கத்தலத்தில் வளர்ந்த மரமும் அதில் வந்தமரும் பறவையுமே அவளுக்கு ஆடை தருகின்றன. ஒவ்வொருவரும் கைக்கு வந்ததை எடுத்தார்கள், வேண்டியதைச் சேர்த்தார்கள், வேண்டாததை விட்டார்கள். கிரிம் சகோதரர்கள் ஒரே கதையைப் பலர் பலவாறு சொல்லக் கேட்டு, அவற்றை ஒன்றாகப் பொருத்தி எழுதியவர்கள். அவர்களுக்குக் கதை சொன்னவர்களுள் பலர் பிரான்சிலிருந்து குடியேறிய வழியினர். பூட்சு அணிந்த பூனையின் கதை பெரோவின் கதையை மிகவும் ஒத்திருந்ததால் அதனை அடுத்த பதிப்பில் நீக்கவும் செய்தார்கள். இரவல் வாங்குவது களவு என்றால் இந்தப் பெரியார்கள் அனைவரையும் வரிசையாகக் கூண்டில் ஏற்றவேண்டி வரும்.

நம்மவர் வரலாறும் இதுவே. இப்னுந் நதீம் ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் தொகுத்த ‘ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூற்பட்டியலில் ஜஹ்ஷியாரீ என்பாரைப் பற்றிய செய்தி ஒன்று இருக்கிறது. அரபியர், பாரசீகர், ரோமர் முதலியோரின் கதைகளிலிருந்து ஆயிரம் கதை தெரிந்தெடுத்து ஒரு நூலாக்க அவர் முனைந்தாராம். கதை சொல்வோரை அழைத்து அவர்கள் வாயால் கேட்டார்; எழுதப்பட்ட ஏடுகளிலிருந்தும் எடுத்தார். ஓரிரவுக்கு ஒரு கதையாக 480 இரவுகள் நிறைந்தபோது மரணம் அவரை அழைத்துக்கொண்டது. அவர் கல்வியறிவு மிக்க அரசு எழுத்தர்; அமைச்சர்களின் வரலாற்றை எழுதியவர். அவரைச் சரக்கில்லாதவர் என்று யாரும் சொன்னதாக நாம் ஓதியதில்லை.

எண்ணங்கள் எல்லார்க்கும் பொது, அரபியும் அஜமியும் நகரத்தானும் நாட்டுப்புறத்தானும் அவற்றை அறிவர், புலவனின் திறமை அவற்றை வார்க்கும் விதத்தில்தான் இருக்கிறது என்பது பஸராவின் பேரறிஞர் ஜாஹிளின் கருத்து. அவர் மறைந்து ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. நாம் இன்னும் பொன் யாருடையது என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். வார்ப்பைப் பார்க்க மறுக்கிறோம்.

அந்நியம் என்பார்க்கு

வணிகப் பெருமகனாரின் வீட்டுப் பிள்ளைகள் அலாவுதீன் கதையும் அலிபாபா கதையும் அறியாதவர்களா? அவை நம்முடையவை என்றே அவர் எண்ணியிருப்பார். அவற்றின் பயணத்தைக் கேளுங்கள். ‘ஆயிரத்தோர் இரவுக’ளைப் பிரெஞ்சு மொழியில் 1704 முதல் 1717 வரை 12 பாகங்களாக வெளியிட்டவர் அந்துவான் கலான். அவர் கையிலிருந்த அரபு ஏட்டில் அலாவுதீனும் இல்லை, அலிபாபாவும் இல்லை. 1709இல் பாரிஸுக்கு வந்திருந்த ஹன்னா தியாப் என்னும் இளைஞர், அலெப்போ நகரத்து மாரோனியக் கிறித்தவர், வாய்மொழியாகச் சொன்ன கதைகள் அவை. கலானின் நூலுக்கு முந்திய அரபுப் படி எதிலும் அவை காணப்படவில்லை. சீனத்தில் நடப்பதாகத் தொடங்கும் ஒரு கதையை, ஷாம் நாட்டுக் கிறித்தவர் ஒருவர், பாரிஸில் ஒரு பிரெஞ்சுக்காரருக்குச் சொல்ல, அது உலகெல்லாம் சுற்றி நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து, நம் கதையாகிவிட்டது.

‘கலீலா வ திம்னா’வும் அப்படித்தான். இந்திய மண்ணின் பஞ்சதந்திரம் பஹ்லவி மொழிக்குச் சென்றது. அங்கிருந்து ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்ஃபஃ அதனை அரபுக்குக் கொண்டுவந்தார். அரபிலிருந்து கிரேக்கம், ஹீப்ரு, லத்தீன் என்று அது ஐரோப்பாவுக்கே போய்ச் சேர்ந்தது. இப்னுல் முகஃப்ஃபஃ வெறுமனே மொழிபெயர்க்கவும் இல்லை. திம்னாவை நீதிமன்றத்தில் நிறுத்தி விசாரிக்கும் பகுதி அரபு நூலில்தான் சேர்ந்தது. குற்றம் செய்தவன் தண்டனை இன்றிப் போவதை அவ்வெழுத்தாளரின் மனம் பொறுக்கவில்லை போலும். கொடுத்தும் வாங்கியும் வாழ்ந்த நாம், வாங்குவது மட்டும் மானக்கேடு என்று இன்று சொல்வது என்ன நியாயம்?

நம் கதைகளையும் அப்பெண் அறியவேண்டும் என்றால் அதை மனமார ஏற்கிறோம். ஆனால் அறிவதற்கு வழி, கையிலிருப்பதைப் பிடுங்குவதன்று. நம் கிஸ்ஸாக்களையும் மசலாக்களையும் அவள் கையில் கொடுத்தவர் நம்முள் யார்? கொடுக்காத பொருளைக் கேட்க நமக்கு உரிமை இல்லை.

பொய் என்பார்க்கு

மூன்றாமவர் நம் மதிப்புக்குரிய ஆலிம். அவர் அச்சத்தில் ஒரு பங்கு உண்மை உண்டு. ஒழுக்கத்தைக் கெடுக்கும் கதைகள் உண்டு. கடமை மறக்கச் செய்யும் கதைப்பித்தும் உண்டு. ஆயினும் அவரிடம் ஒன்று கேட்கிறோம். நாமும் அவரும் மத்ரசாவில் மண்டியிட்டு ஓதிய ‘மகாமாத்துல் ஹரீரீ’ யாரைப் பற்றியது? ஸரூஜ் நகரத்து அபூஸைத் என்னும் நாவன்மை மிக்க ஏமாற்றுக்காரனைப் பற்றியது. ஊருக்கு ஊர் வேடம் மாற்றி, பேச்சினால் மயக்கிப் பணம் பறிக்கும் அவனுடைய 50 நிகழ்ச்சிகளை வரிக்கு வரி நமக்கு ஓதிக் கொடுத்தவர்கள் தக்வா மிக்க உஸ்தாதுகள். நடவாததைச் சொல்வதெல்லாம் பொய் என்றிருந்தால் அக்கிதாப் நம் பாடத்தில் எப்படி இடம்பெற்றது? ஹரீரீயே தம் முன்னுரையில் இவ்வழக்கை எதிர்கொண்டு, விலங்குகளும் உயிரற்ற பொருள்களும் பேசுவதாக எழுதப்பட்ட கதைகளைச் சுட்டிக்காட்டி, நோக்கத்தைப் பார்க்குமாறு வேண்டுகிறார். கேட்பவனும் நடந்ததென்று நம்பாமல், சொல்பவனும் நம்பச் சொல்லாமல், படிப்பினைக்காகச் சொல்லப்படுவதைப் பொய்ச்சாட்சியின் தட்டில் வைத்து நிறுக்கலாகாது.

ஹரீரீயைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. மகாமா என்னும் வடிவத்தைத் தமக்கு முன்பே ஹமதானீ கையாண்டதை அவரே நன்றியோடு குறிப்பிடுகிறார். அதாவது அவரும் இரவல் வாங்கியவரே. அவர் முதலில் 40 மகாமாக்களுடன் பக்தாதுக்கு வந்தபோது, இவை இவருடையவை அல்ல, வேறொருவரின் எழுத்து என்று அங்கிருந்தோர் பழி சுமத்தினர் என்றும், எங்கள் முன்னால் ஒன்று எழுதிக் காட்டும் என்றபோது அவருக்கு எழுத வரவில்லை என்றும், பஸராவுக்குத் திரும்பி மேலும் 10 எழுதி அனுப்பினார் என்றும் இப்னு கல்லிகான் எடுத்துரைக்கிறார். அவை நடுவே நாணி நின்றவர்களின் வரிசையில் ஹரீரீயும் இருக்கிறார் என்பதை அப்பெண்ணும் அறியட்டும். பழி சுமத்தியவர்களின் வரிசையில் யார் இருக்கிறார்கள் என்பதை நாமும் எண்ணிப் பார்ப்போம்.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி

மூவரும் மூன்று கேள்வி கேட்டனர். கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. “மகளே, இக்கதைகளை ஏன் சேர்க்கிறாய்?” என்பதே அது.

சேர்ப்பதால் மட்டும் படைப்பு உண்டாகிவிடாது. ஜுர்ஜானைச் சேர்ந்த அப்துல் காஹிர் ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் ‘தலாயிலுல் இஃஜாஸ்’ எழுதினார். சொல்லின் சிறப்பு தனிச்சொல்லில் இல்லை. ஒரு சொல் மற்றொன்றோடு கொள்ளும் உறவில்தான், அக்கோவையில்தான் இருக்கிறது என்று அதில் நிலைநாட்டினார். கோவைக்கு அவர் இட்ட பெயர் ‘நள்மு’. சொற்களுக்குச் சொன்னது கதைகளுக்கும் பொருந்தும். முத்துக்கள் பழையவையாக இருக்கலாம். அடுத்தடுத்து வைப்பதற்குக் காரணம் இருந்தால் அது மாலை, இல்லையேல் குவியல்.

அமெரிக்காவில் ஸ்டீபன் சோந்தைம், ஜேம்ஸ் லபைன் இருவரும் ஆக்கிய ‘இன்டு தி வுட்ஸ்’ என்னும் இசை நாடகம் 1987இல் நியூயார்க் அரங்கேறியது. சிண்ட்ரெல்லா, சிவப்புத் தொப்பிச் சிறுமி, ராபுன்சல், அவரைக்கொடி ஏறிய ஜாக் ஆகியோரை அது ஒரே காட்டில் சந்திக்க வைத்தது. அவர்களைச் சேர்க்கும் நூல், பழங்கதை எதிலும் இல்லாத ரொட்டி சுடுபவனும் அவன் மனைவியும். சூனியக்காரியின் சாபத்தால் பிள்ளையில்லாத அவ்விருவரும் சாபம் நீங்க ஒவ்வொரு கதையிலிருந்தும் ஒரு பொருளைக் கொண்டுவரவேண்டும். முற்பாதியில் எல்லார் விருப்பமும் நிறைவேறுகிறது. பிற்பாதியில், விருப்பத்தை அடைய ஒவ்வொருவரும் செய்த சிறு தவறுகளின் விளைவு திரும்பி வருகிறது. அங்கே சேர்க்கைக்குக் காரணம் இருந்தது. அதனால் அது நின்றது.

அப்பெண்ணுக்குக் காரணம் இருந்ததா? அடுத்த வெள்ளியன்று அஸருக்குப் பின் அவள் வீட்டுக்குச் சென்று, அவள் தந்தையின் முன்னிலையில் வினவினோம். அவள் சற்றுத் தயங்கி, “எல்லாக் கதையிலேயும் அந்த ஒருத்தி மேலேயே பழி விழுது ஹஸ்ரத். ஒரு கதையிலாவது அவளைப் பேச விட்டுப் பார்க்கலாமேன்னுதான்” என்றாள். அப்போது தேநீர் கொண்டுவந்து வைத்த அம்மையாரை அவள் ‘உம்மா’ என்றே அழைத்தாள். அவர் அவளைப் பெற்றவர் அல்லர். பெற்றவள் மவுத்தான பின் அவ்வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, மூன்று வயதுக் குழந்தையை வளர்த்து ஆளாக்கியவர். ஊரார் இன்றும் அவரை இளைய தாரம் என்றே குறிப்பிடுகின்றனர். நமக்கு விளங்கிவிட்டது.

அப்பெண் தானறியாமலே உண்மையின் நுனியைத் தொட்டிருக்கிறாள். கிரிம் சகோதரரின் 1812ஆம் ஆண்டுப் பதிப்பில் ஸ்நோ ஒயிட்டைக் கொல்ல முயன்றவள் மாற்றாந்தாய் அல்லள், பெற்ற தாய். 1819ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் பெற்றவள் இறந்ததாகவும், அரசன் மறுமணம் செய்ததாகவும் மாற்றினார்கள். ஹான்சல், கிரெட்டல் கதையிலும் முதலில் இருந்தவள் தாயே; 1840ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். தாய்மையின் பெயரைக் காக்கவேண்டி, தாய் செய்த கொடுமையை வேறொருத்தியின் தலையில் ஏற்றினார்கள். இரண்டு வீட்டுக் குற்றத்தை ஏட்டின் ஓரத்தில் பேனாவால் இடம் மாற்றிவிட்டார்கள். அந்தப் பழியைச் சுமந்தவள் ஒருத்தியே என்று அப்பெண் கற்பனை செய்தது வெறும் விளையாட்டா?

ஆனால் அவள் திட்டத்தில் குறை இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். புகழ்ந்து கெடுப்பது ஆசிரியர் வேலை அன்று. அவளிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறோம். ராபுன்சலுக்கும் பூனைக்கும் தூங்கும் அழகிக்கும் சிவப்புத் தொப்பிச் சிறுமிக்கும் இக்கதையில் வேலை இல்லை. தெரிந்தவர்கள் என்பதற்காக எல்லாரையும் அழைப்பது திருமண வீட்டுக்குப் பொருந்தும், கதைக்குப் பொருந்தாது. மூன்று கதை போதும்.

அடுத்து, திரைப்படத்தில் கண்டதை மூலம் என்று எண்ணாதே என்றோம். டிஸ்னி நிறுவனத்தார் 1937இல் ஸ்நோ ஒயிட்டையும் 1950இல் சிண்ட்ரெல்லாவையும் படமாக்கினர். குள்ளர் எழுவருக்கும் அப்படத்தில் உள்ள பெயர்கள் கிரிம் கதையில் இல்லை. முத்தத்தால் அவள் விழிக்கவும் இல்லை. பெட்டியைச் சுமந்தவர்கள் இடறியபோது தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளிவந்ததால் விழித்தாள். பழங்கதை ஊர்ப்பொது, படத்தார் புதிதாய்ச் சேர்த்தது அவர்கள் உடைமை. களவு என்ற சொல்லை அவையோர் இந்த இடத்தில் சொல்லியிருந்தால் பொருத்தமாய் இருந்திருக்கும்.

இனி, கதையின் பெரிய முடிச்சு. ஹான்சலும் கிரெட்டலும் வீடு திரும்பும்போது அவள் இறந்துவிட்டிருக்கிறாள். ஸ்நோ ஒயிட்டின் திருமணத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் காலணிகளை மாட்டிச் சாகும்வரை ஆட வைக்கப்படுகிறாள். சிண்ட்ரெல்லாவின் கதையில் அவள் முடிவு என்னவென்று கிரிம் சகோதரர்கள் சொல்லவே இல்லை. கண்ணிழந்தவர்கள் அவளுடைய மகள்கள். ஒருத்தி இரண்டு முறை சாக முடியாது. அச்சாவுகளுள் எது உண்மை, எது ஊர்வாய்ச் செய்தி என்று நீ தீர்மானிக்கும்வரை முதல் வரியை எழுதாதே என்றோம். அவள் உடனே தாளை எடுத்துக் குறித்துக்கொண்டாள். மடித்த மடிப்புக்கள் அதில் அப்படியே இருந்தன.

விடைபெறும்போது அவள் ஒன்று கேட்டாள். “மூன்று வீட்டிலும் வாப்பா உயிரோட இருந்தாங்கதானே ஹஸ்ரத்? அவங்க ஏன் ஒண்ணுமே சொல்லலே?”

உண்மைதான். பஞ்சத்தில் பிள்ளைகளைக் காட்டில் விட மனைவி சொன்னபோது, விறகுவெட்டி மனம் வருந்தினான்; ஆனாலும் கூடவே போய் விட்டுவந்தான். மறுமணம் செய்த அரசனைப் பற்றி அதன் பின் பேச்சே இல்லை. சிண்ட்ரெல்லாவின் தந்தை வீட்டில்தான் இருந்தார். பழி முழுவதும் ஒருத்தி தலையில் விழ, பேசியிருக்க வேண்டியவர்கள் மூவரும் தண்டனை இன்றித் தப்பினர். நூற்றாண்டுகளாக அவர்களை யாரும் கேள்வி கேட்டதில்லை. அக்கேள்வியைக் கேட்கத்தான் இக்கதை பிறக்கவிருக்கிறது. அதைத்தான் அன்று அவையில் இரவல் என்றும், அந்நியம் என்றும், பொய் என்றும் மூடப் பார்த்தோம்.

‘பார்த்தோம்’ என்று நம்மையும் சேர்த்தே எழுதுகிறோம். மூவர் பேசினர், முன்வரிசையில் ஹரீரீயும் ஜாஹிளும் ஓதிய ஒருவர் வாய் திறவாமல் இருந்தார். பெரியவர்களோடு மாறுபட்டுப் பேசுவது முறையன்று என்று அப்போது எண்ணினோம். இப்போது எண்ணிப் பார்த்தால் அந்த விறகுவெட்டியும் அப்படித்தான் ஏதோ எண்ணியிருப்பான்.

மன்றத்தாருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த கூட்டத்தில் அப்பெண் முதல் அத்தியாயத்தை வாசிக்க நேரம் ஒதுக்குங்கள். குறை இருந்தால் குறை சொல்லுங்கள், நாமும் சொல்வோம். ஆனால் முதற்கேள்வி, ஏன் சேர்த்தாய் என்பதாக இருக்கட்டும்.